உப்பங்கழி என்றால் என்ன: எண்ணூரிலிருந்து பழவேற்காடு வரை

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் வட சென்னை இளைஞரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும், இந்தியாவின் மிகப் பெரிய உவர்நீர் ஏரி சில்கா, இரண்டாவது பழவேற்காடு என்று சொல்லிவிடுவார். அதே பொது அறிவு நூலின் வரலாற்றுப் பகுதியில், டச்சுக்காரர்கள் கெல்டிரியா கோட்டையைக் கட்டிய ஊர் பழவேற்காடு என்று இருக்கும். சுற்றுச்சூழல் பகுதியில் பூநாரைகள் வந்து தங்கும் சரணாலயம் பழவேற்காடு என்று இருக்கும். சமூகவியல் பகுதியில், குறிப்பாக நலிவுற்ற பழங்குடியினர் எனத் தமிழ்நாட்டில் அறிவிக்கப்பட்ட ஆறு பிரிவினருள் இருளரும் அடங்குவர் என்று ஒரு வரி இருக்கும். இவை நான்கையும் நான்கு தனிச் செய்திகளாக மனப்பாடம் செய்வதுதான் வழக்கம். உண்மையில் கோட்டை அங்கே எழுந்ததற்கும், பூநாரை அங்கே இறங்குவதற்கும், இருளர் அங்கே இறால் தடவிப் பிடிப்பதற்கும் அடிப்படை ஒன்றே. அது உப்பங்கழி என்ற நீர்நிலையின் அமைப்பு. அதைப் புரிந்துகொண்டால் மற்றவற்றை மனப்பாடம் செய்யவேண்டிய தேவை பெரும்பாலும் இருக்காது.

கடற்கரையை ஒட்டி, ஒரு நீண்ட மணல்திட்டினால் கடலிலிருந்து பிரிக்கப்பட்டு, ஒன்றோ சிலவோ ஆன குறுகிய திறப்புகளின் வழியாக மட்டுமே கடலோடு தொடர்பு கொண்டிருக்கும் ஆழமில்லாத நீர்ப்பரப்பே உப்பங்கழி. நிலத்தின் பக்கமிருந்து ஆறுகள் நன்னீரைக் கொண்டுவந்து சேர்க்கும். கடலின் பக்கமிருந்து ஓதத்தோடு, அதாவது கடல்மட்டத்தின் அன்றாட ஏற்ற இறக்கத்தோடு, உப்புநீர் உள்ளே ஏறி இறங்கும். இந்த இரண்டும் கலக்கும் விகிதம் நாளுக்கு நாள், மாதத்துக்கு மாதம் மாறிக்கொண்டே இருப்பதால், அந்த நீரைக் கடல்நீர் என்றும் சொல்ல முடியாது, ஆற்றுநீர் என்றும் சொல்ல முடியாது. கடலும் கழியும் சந்திக்கும் திறப்பை முகத்துவாரம் என்கிறோம். எண்ணூரில் அந்தப் பெயரையே தாங்கிய முகத்துவாரக் குப்பம் என்ற மீனவர் ஊர் இருக்கிறது. ஓர் உப்பங்கழியின் உயிர் இந்த முகத்துவாரத்தில்தான் இருக்கிறது என்பதால், அது எப்படித் திறக்கிறது, எப்படி மூடுகிறது என்பதிலிருந்து தொடங்குவதே முறை.

மணல் நடக்கும் கரை

முகத்துவாரத்தை மூடுவது மணல். அந்த மணல் எங்கிருந்து வருகிறது என்பதை அறியத் திருவொற்றியூர்க் கடற்கரையைவிடப் பொருத்தமான இடம் இருக்க முடியாது. அலைகள் கரையை நேராக மோதுவதில்லை. காற்று வீசும் திசைக்கேற்பச் சாய்வாக மோதுகின்றன. ஒவ்வோர் அலையும் மணலைச் சிறிது பக்கவாட்டில் தள்ளிவிட்டுத் திரும்புகிறது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் நீண்ட காலத்தில் சோழமண்டலக் கரையின் மணல் வடக்கு நோக்கி நகர்கிறது. வடகிழக்குப் பருவக்காற்றின் குறுகிய காலத்தில் தெற்கு நோக்கித் திரும்புகிறது. ஆண்டுக் கணக்கை மொத்தமாகப் பார்த்தால் வடக்கு நோக்கிய நகர்வே மிகுதி.

1870களில் சென்னைத் துறைமுகத்தின் சுவர்களைக் கடலுக்குள் நீட்டிக் கட்டத் தொடங்கியபோது, இந்த மணல் ஓட்டத்தின் குறுக்கே ஒரு தடுப்பு எழுந்தது. தெற்கிலிருந்து வந்த மணல் துறைமுகச் சுவருக்குத் தெற்கே தேங்கியது. இன்று நாம் மெரினா என்று பெருமையாகச் சொல்லும் அகன்ற மணற்பரப்பு அப்படி விரிந்ததுதான். வடக்கே போகவேண்டிய மணல் போகாததால், இராயபுரத்திலிருந்து எண்ணூர் வரையிலான கரையைக் கடல் அரிக்கத் தொடங்கியது. எண்ணூர் விரைவுச் சாலையில் செல்லும்போது கடலோரம் நெடுகக் கொட்டப்பட்டிருக்கும் கருங்கற்களும், மீனவர்கள் கேட்டுக் கேட்டு ஆங்காங்கே கட்டப்பட்ட, கடலுக்குள் நீளும் கற்சுவர்களான தூண்டில் வளைவுகளும் அந்த இழப்பை ஈடுசெய்ய முயல்பவை. தென் சென்னைக்குக் கடற்கரை பெருகிய கதையும் வட சென்னைக்குக் கடற்கரை தேய்ந்த கதையும் ஒரே கதை என்பதை நம் பாடநூல்கள் இன்னும் கொஞ்சம் உரக்கச் சொல்லலாம்.

மனிதர் தலையீடு இல்லாத பழங்காலத்தில் இப்படிப் பல்லாயிரம் ஆண்டுகளாக நகர்ந்த மணல், ஆற்று வாய்களின் குறுக்கே நீண்ட திட்டுகளாகப் படிந்தது. அப்படிப்பட்ட பெருந்திட்டு ஒன்றுதான் ஸ்ரீஹரிகோட்டா. அதற்குக் கிழக்கே வங்காள விரிகுடா. மேற்கே பழவேற்காடு ஏரி. ஏரியின் நீளம் சுமார் 60 கிலோமீட்டர். பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது; தெற்கு முனை மட்டும் திருவள்ளூர் மாவட்டத்தில் வருகிறது. ஆரணியாறு தெற்கிலும், காளாங்கி ஆறு வடமேற்கிலும், சுவர்ணமுகி வடக்கிலும் வந்து சேர்கின்றன. இவ்வளவு பெரிய ஏரியின் சராசரி ஆழம் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். தாம்பாளத்தில் ஊற்றிய தண்ணீரைப் போலப் பரந்து மெலிந்து கிடப்பதால், மழையில் ஓரடி நீர் ஏறினாலும் பல சதுர கிலோமீட்டர் நிலம் மூழ்கிவிடும், கோடையில் ஓரடி இறங்கினாலும் அதே நிலம் சேறாகவும் பின்பு உப்புப் பூத்த வெளியாகவும் வெளிப்பட்டுவிடும். ஏரியின் பரப்பளவு ஒரு நூலில் 250 சதுர கிலோமீட்டர் என்றும் இன்னொன்றில் 460 என்றும் இருப்பதைப் பார்த்து மாணவர்கள் குழம்புகிறார்கள். அச்சுப் பிழை என்று எண்ணவேண்டியதில்லை. வறண்ட பருவத்தின் ஏரி வேறு, மழைக்காலத்தின் ஏரி வேறு.

உப்பின் கணக்கு

ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கும். வடகிழக்குப் பருவமழை கொட்டும் நவம்பர், டிசம்பர் மாதங்களில் ஆறுகள் பெருகி ஏரிக்குள் பாயும்போது, ஆற்று வாய்களை ஒட்டிய பகுதிகளில் உப்பு ஏறக்குறைய இல்லை என்னும் அளவுக்குக் குறைந்துவிடும். பெருகிய நீர் வெளியேற வழி தேடி முகத்துவாரத்து மணலை அறுத்துக்கொண்டு கடலில் விழும். மழை நின்ற பிறகு ஆற்றின் வேகம் குறைய, கடலின் ஓதம் உள்ளே ஏறும்; இந்தக் கரையில் ஓதத்தின் ஏற்ற இறக்க வேறுபாடு ஒரு மீட்டர் அளவுக்கே என்பதால் அதன் வலிமை மிதமானது. கோடை முற்றும்போது உள்ளிருந்து தள்ளும் நீர் அற்றுப்போக, அலைகள் கொண்டுவரும் மணல் திறப்பை மெல்ல மெல்ல அடைத்துவிடும். அப்போது ஏரி வெயிலில் காய்ந்து சுண்டும். வெளியேற முடியாத உப்பு உள்ளேயே செறிந்து, கடல்நீரைவிடவும் கரிப்பாகிவிடும். ஒரே இடத்து நீர் ஓராண்டுக்குள் குடிநீருக்கு அருகிலிருந்து உப்பளத்து நீருக்கு அருகில் வரை போய்த் திரும்புகிறது. இத்தகைய மாற்றத்தைத் தாங்கும் உயிரினங்கள் குறைவு. ஆனால் தாங்கக்கூடியவை போட்டியின்றி இங்கே பல்கிப் பெருகுகின்றன.

இறாலை எடுத்துக்கொள்வோம். வெள்ளை இறாலும் புலி இறாலும் கடலில்தான் முட்டையிடும். கண்ணுக்கு எளிதில் தெரியாத அளவிலுள்ள குஞ்சுகள் ஓதத்தோடு முகத்துவாரத்தின் வழியாக உள்ளே மிதந்துவரும். கழியில் பெரிய மீன்கள் குறைவு, ஒளிந்துகொள்ளச் சேறும் அலையாத்தி வேர்களும் உண்டு, இலைமக்கும் நுண்பாசியும் உணவாகக் கிடைக்கும். சில மாதங்கள் அங்கே வளர்ந்து, பருவம் எய்தும் நிலையில் மீண்டும் அதே வாய் வழியாகக் கடலுக்குத் திரும்பி முட்டையிடும். மடவை மீனுக்கும் களிநண்டுக்கும் கடலையும் கழியையும் இணைக்கும் இதே போன்ற பயணம் உண்டு. ஆகவே முகத்துவாரம் தூர்ந்துபோன ஆண்டில் கழிக்குள் மட்டுமல்ல, காசிமேட்டிலிருந்து கடலுக்குப் போகும் படகின் இறால் பிடிப்பிலும் அடி விழ வாய்ப்பிருக்கிறது. மீனவர்கள் முகத்துவாரத்தைத் தூர்வாரக் கோரி ஆட்சியர் அலுவலகத்துக்கு மனுக் கொண்டுபோவது படகு போகும் வழிக்காக மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது.

சேற்றில் பந்தி

இப்போது பறவைகளுக்கு வரலாம். சைபீரியா, மத்திய ஆசியா முதலிய வட பகுதிகளில் குளிர்காலத்தில் நிலமும் நீரும் உறைந்துவிடுவதால், அங்கே குஞ்சு பொரித்த நீர்ப்பறவைகள் தெற்கு நோக்கிப் புறப்படுகின்றன. ஆர்க்டிக் கரையிலிருந்து இந்தியப் பெருங்கடல் வரை சுமார் 30 நாடுகளின் மேலாகச் செல்லும் அந்தப் பாதைக்கு மத்திய ஆசியப் பறவை வழித்தடம் என்று பெயர். கொசு உள்ளான் என்ற பறவையின் எடை 30 கிராமைத் தாண்டுவது அரிது. அது ஆர்க்டிக் வெளியிலிருந்து நம் கரைக்கு வருகிறது. அவ்வளவு தூரம் பறந்து கொழுப்பெல்லாம் கரைந்து வந்து இறங்கும் பறவைக்கு, ஆழமான நீரைவிட ஆழமில்லாத சேறுதான் வேண்டும். சேற்றில்தான் புழுவும் சிப்பியும் சிறு நண்டும் இருக்கின்றன. பருவமழை ஓய்ந்து ஏரி மெல்ல வற்றும் டிசம்பர் முதல் மார்ச் வரையிலான காலமும், அவை இங்கே தங்கும் காலமும் ஒத்துப்போகின்றன. நீர்மட்டம் இறங்க இறங்க ஒவ்வொரு வாரமும் புதிய சேற்று விளிம்பு ஒன்று வெளிப்படும். பறவைகள் அந்த விளிம்பைப் பின்தொடர்ந்து நகரும்.

ஒரே சேற்றில் பத்துவகைப் பறவைகள் சண்டையின்றி உண்பதைப் பார்ப்பவர்கள் வியப்பார்கள். அலகின் நீளத்தைக் கவனித்தால் விடை கிடைக்கும். உப்புக்கொத்திக்குக் குட்டை அலகு, பெரிய கண். அது ஓடி நின்று, ஓடி நின்று, மேற்பரப்பில் அசைவதைக் கண்ணால் கண்டு கொத்தும். கொசு உள்ளான் சேற்றின் மேல்தோலைத் தைப்பது போல விடாமல் குத்திக்கொண்டே போகும். மூக்கனுக்கு நீண்ட நேரான அலகு. அது நடு ஆழத்தில் துழாவும். கீழ்நோக்கி வில்லாக வளைந்த மிக நீண்ட அலகுடைய குதிரைமலைக் கோட்டான், வளைக்குள் பதுங்கியிருக்கும் நண்டையும் ஆழத்துப் புழுவையும் இழுத்தெடுக்கும். நாமத்தலை வாத்தும் ஊசிவால் வாத்தும் நீரில் மிதந்தபடி தாவர உணவைத் தேடும். ஆலாக்கள் மேலிருந்து பாயும். கூழைக்கடாக்கள் பெரிய மீனை அள்ளும். ஏரியின் வடமேற்கே உள்ள நேலப்பட்டுச் சரணாலயத்து மரங்களில் கூடு கட்டியிருக்கும் சாம்பல் கூழைக்கடாக்கள் குஞ்சுகளுக்கு மீன் தேடி இந்த ஏரிக்குத்தான் பறந்து வருகின்றன.

பூநாரையை மட்டும் சற்று நின்று பார்க்கவேண்டும். நின்றால் ஒரு சிறுவனின் உயரத்தைத் தாண்டும் பெரும் பூநாரையின் உடல் எடையோ சில கிலோதான்; உயரமெல்லாம் காலும் கழுத்தும். அது உணவு தேடும்போது தலையைத் தலைகீழாகக் கவிழ்த்து, மேல் அலகு கீழேயும் கீழ் அலகு மேலேயும் இருக்குமாறு நீருக்குள் வைக்கிறது. நடுவில் முறிந்தது போல வளைந்திருக்கும் அந்த அலகின் வளைவு, தலைகீழ் நிலையில்தான் நீர்மட்டத்துக்கு இணையாக அமைகிறது. தடித்த நாக்கு முன்னும் பின்னும் விரைந்து அசைந்து, நொடிக்குப் பல முறை நீரை உறிஞ்சி வெளியேற்றும். அலகின் ஓரங்களிலுள்ள மெல்லிய தகடுகளில் இறால் போன்ற சிற்றுயிர்களும் பாசியும் தங்கிவிட, நீர் மட்டும் வெளியேறும். இடையிடையே நின்ற இடத்திலேயே கால்களை மாற்றி மாற்றி மிதித்துச் சேற்றைக் கலக்கிவிடுவதும் உண்டு. பெரும் பூநாரையின் தகடுகள் சற்று அகன்ற இடைவெளி கொண்டவை, ஆகவே அதற்குச் சிற்றுயிர்கள்; சிறு பூநாரையின் தகடுகள் மிக நெருக்கமானவை, ஆகவே அதற்கு நுண்பாசி. இரண்டும் ஒரே நீரில் நின்றாலும் ஒன்றின் உணவை மற்றொன்று பறிப்பது குறைவு. உணவோடு உள்ளே போகும் மிகை உப்பை மூக்குத் துளையருகே உள்ள சுரப்பி வெளியேற்றிவிடுகிறது. சிறகின் இளஞ்சிவப்பு நிறமும் பாசியிலும் இறாலினங்களிலும் உள்ள கரோட்டினாய்டு நிறமிகளிலிருந்து வருவதே. குஞ்சுகள் சாம்பல் நிறமாகத்தான் இருக்கும். இந்தியாவில் பெரும் பூநாரைகள் பெருந்திரளாகக் கூடு கட்டும் இடம் குஜராத்தின் கட்ச் உப்புவெளி. பழவேற்காட்டில் நாம் காண்பது உணவுக்காக வந்து தங்கும் கூட்டத்தை. தமிழ்நாட்டுப் பகுதி 1980இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஆந்திரப் பகுதி அதற்குச் சில ஆண்டுகள் முன்பே அறிவிக்கப்பட்டுவிட்டது.

கோட்டை ஏன் அங்கே

பழைய நகரங்களின் வரலாற்றைப் படிக்கும்போது அரசர்களின் பெயர்களோடு நிறுத்திவிடாமல், கப்பல் எங்கே நின்றது, சரக்கு எப்படி இறங்கியது என்று கேட்பது நல்ல பழக்கம். சோழமண்டலக் கரை நெடுகிலும் இயற்கையான ஆழ்துறைமுகம் இல்லை. கடற்கப்பல்கள் கரைக்கு அப்பால் நங்கூரமிட்டு நிற்க, சிறு படகுகள் அலைகளைக் கடந்து சரக்கை ஏற்றி இறக்கின. உள்ளே அமைதியான நீர்ப்பரப்பும், அதற்கு ஒரு வாயும், வாயருகே மேட்டு நிலமும் கொண்ட ஓர் உப்பங்கழி, இத்தகைய கரையில் வணிகருக்குக் கிடைத்த பெருவரம். படகுகள் அலையடியில்லாமல் நிற்கலாம். உள்நாட்டிலிருந்து துணிப்பொதிகள் நீர்வழியாகவே வந்து சேரலாம். வாயருகே ஒரு கோட்டை இருந்தால் உள்ளே வருபவர் போகிறவர் எல்லாரையும் கண்காணிக்கலாம்.

விசயநகரப் பேரரசின் முக்கியத் துறைகளில் ஒன்றாக இருந்த பழவேற்காட்டுக்கு 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்ச்சுகீசியர் வந்தனர். அடுத்த நூற்றாண்டில் டச்சுக் கிழக்கிந்தியக் கும்பினியார், சந்திரகிரியில் இருந்த விசயநகர அரசர் இரண்டாம் வேங்கடரிடம் 1610இல் அனுமதி பெற்று, போர்ச்சுகீசியரின் தாக்குதலுக்கும் ஈடுகொடுத்து, 1613இல் கெல்டிரியா கோட்டையை முடித்தனர். சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடமாக அது 1690 வரை இருந்தது; பின்பு தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறியது. அவர்கள் வேண்டியது துணி. மிளகும் கிராம்பும் சாதிக்காயும் விளைந்த கிழக்கிந்தியத் தீவுகளில் வெள்ளியைவிடச் சோழமண்டலத் துணிக்கே மதிப்பு அதிகம் என்பதால், இங்கே துணி வாங்கி, அங்கே வாசனைப் பொருளுக்கு மாற்றி, அதை ஐரோப்பாவில் விற்றனர். மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் கட்டம் போட்ட கைலி இன்றும் பழவேற்காட்டின் பெயராலேயே வழங்குகிறது. துணியோடு மனிதர்களும் ஏற்றப்பட்டார்கள் என்பதைச் சுற்றுலாக் கையேடுகள் எழுதுவதில்லை. பஞ்சமும் போரும் வந்த ஆண்டுகளில் விற்கப்பட்டவர்கள், கடத்தப்பட்டவர்கள் எனப் பல்லாயிரவர் 17ஆம் நூற்றாண்டில் இந்தக் கரையிலிருந்து பத்தேவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) அடிமைகளாக அனுப்பப்பட்டனர். 1825இல் பழவேற்காடு ஆங்கிலேயர் வசமானது. கோட்டை இருந்த இடம் இன்று அகழியும் புதரும் சூழ்ந்த மேடு. எலும்புக்கூடுகள் செதுக்கிய நுழைவாயிலுடைய டச்சுக் கல்லறைத் தோட்டம் மட்டும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் நல்ல நிலையில் இருக்கிறது.

சென்னையின் பிறப்பிலும் இந்த ஏரிக்குப் பங்குண்டு. ஆங்கிலேயர் 1621இல் பழவேற்காட்டில் டச்சுக்காரரோடு சேர்ந்து கடைவிரிக்க முயன்று, அது கைகூடாமல் விலகினர். 1626இல் ஏரியின் வடமுனையருகே, இன்று துர்காராயபட்டினம் எனப்படும் ஆர்மகானில் பண்டகசாலை அமைத்தனர். அங்கே இருந்த பிரான்சிஸ் டே, துணி இன்னும் மலிவாகக் கிடைக்கும் இடம் தேடித் தெற்கே வந்து, 1639இல் தாமர்ல வேங்கடாத்திரி நாயக்கரிடமிருந்து சென்னைக்கான இடத்தைப் பெற்றார். தெற்கு வாய் டச்சுக்காரர் கையில், வடக்கு வாயில் வாணிகம் சரிவரவில்லை என்ற நிலையில், வாயே இல்லாத திறந்த அலைக்கரையை ஆங்கிலேயர் ஏற்றுக்கொண்டனர் என்று இதைப் பார்க்கலாம். அந்தக் கரையில்தான் இருநூறு ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, மணலைத் தடுத்த துறைமுகச் சுவரும் எழுந்தது. உப்பங்கழிகளை ஒன்றோடொன்று இணைக்கும் கால்வாய் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையிலிருந்து எண்ணூருக்கு வெட்டப்பட்டு, பின்பு வடக்கும் தெற்கும் நீண்டு, 1877–78 பஞ்சகாலப் பணிகளுக்குப் பின் பக்கிங்காம் கால்வாய் எனப் பெயர் பெற்றது. விறகும் உப்பும் மீனும் அதன் வழியே படகில் நகரத்துக்கு வந்த காலம் ஒன்று இருந்தது. வியாசர்பாடிப் பக்கம் அதைச் சாக்கடையாக மட்டுமே அறிந்த தலைமுறைக்கு இதை நம்புவது கடினம்.

கையே வலை

பழங்குடி என்றதும் மலையும் காடும் நினைவுக்கு வருவது இயல்பு. இருளர்களில் நீலகிரிச் சரிவுகளில் வாழ்வோரும் உண்டு. ஆனால் திருவள்ளூர், செங்கல்பட்டு மாவட்டச் சமவெளிகளிலும் கடலோரத்திலும் வாழ்பவர்கள் மிகப் பலர். பாம்பு பிடிக்கும் திறனால் அவர்கள் உலகெங்கும் அறியப்பட்டிருக்கிறார்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் பாம்புத்தோல் வணிகம் நின்றுபோக, 1978இல் வடநெம்மேலியில் தொடங்கப்பட்ட இருளர் கூட்டுறவுச் சங்கம், பாம்புக்கடி மருந்து தயாரிக்க நஞ்சு எடுத்துக் கொடுக்கிறது. அதைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. நம் பொன்னேரி, மீஞ்சூர், எண்ணூர்ப் பக்கத்து இருளர்களின் அறிவு இன்னொரு வகையானது. அது சேற்றைப் பற்றியது.

எண்ணூரில் கொசத்தலை ஆற்றின் கழிமுகத்திலோ பழவேற்காட்டின் ஓரங்களிலோ நீர் இறங்கும் நேரத்தில் சென்றால், இருளர் பெண்கள் இடுப்பளவு நீரில் வரிசையாக அமர்ந்தவாறும் தவழ்ந்தவாறும் நகர்வதைக் காணலாம். வலை கிடையாது, படகு கிடையாது. பனையோலையில் முடைந்த பறியின் விளிம்பைப் பல்லால் கவ்வியிருப்பார்கள், அல்லது கழுத்தில் மாட்டியிருப்பார்கள். இரு கைகளும் நீருக்கடியில் விரிந்து சேற்றைத் தடவிக்கொண்டே வரும்; விரலுக்கடியில் துள்ளுவது இறாலா, நண்டா, முள்ளால் குத்தும் கெளுத்தியா என்பதைக் கண் பார்க்காமலே விரல் அறிந்துகொள்ளவேண்டும். இறாலாக இருந்தால் தலைப்பக்கமாக அழுத்திப் பிடித்து, நீருக்கு மேலே தூக்கி, பறிக்குள் போட்டுவிட்டுக் கை மறுபடியும் கீழே போகும். எந்த நிலவு நாளில் ஓதம் எவ்வளவு இறங்கும், எந்தத் திட்டில் கிளிஞ்சல் ஓடு கையைக் கிழிக்கும், மழை பெய்த எத்தனையாவது நாளில் இறால் எந்தப் பக்கம் ஒதுங்கும் என்பவை எல்லாம் இந்தத் தொழிலின் பாடங்கள். ஒரு மீட்டர் ஆழமுள்ள நீர்நிலையில்தான் இப்படி ஒரு தொழில் பிறக்க முடியும்.

ஏரியில் யார் எங்கே மீன் பிடிக்கலாம் என்பதற்குப் பழவேற்காட்டில் பாடு என்ற பழைய ஏற்பாடு உண்டு. முகத்துவாரத்தை ஒட்டிய வளமான இடங்களில் சுத்துவலை கட்டும் உரிமையைக் குறிப்பிட்ட சில குப்பங்களின் பட்டினவர் மீனவர்கள் தங்களுக்குள் முறைவைத்துப் பகிர்ந்துகொள்கிறார்கள். ஒரே இடத்தில் எல்லாரும் விழுந்து அள்ளாமல் இருக்கவும், ஒருவருக்கே நல்ல இடம் நிலைத்துவிடாமல் இருக்கவும் இது உதவுகிறது. பொதுச்சொத்தை ஊரே நிருவகிக்கும் முறைக்கு இதை நல்ல எடுத்துக்காட்டாக ஆய்வாளர்கள் சொல்வது நியாயமே. ஆனால் அந்த முறைப்பட்டியலில் இருளருக்கு இடமில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் சித்திரம் முழுமை பெறும். வலை இறங்காத ஓரங்களும், பிறர் விட்டுப்போன ஆழமற்ற சேறும்தான் அவர்களுக்கு எஞ்சியவை. நிலமும் பட்டாவும் இல்லாததால் முன்பணம் வாங்கி அரிசி ஆலைகளிலும் செங்கல் சூளைகளிலும் கொத்தடிமைகளாகச் சிக்கி, பின்பு மீட்கப்பட்ட இருளர் குடும்பங்கள் திருவள்ளூர் மாவட்டத்தில் பல. ஏரியின் மறுகரையான ஸ்ரீஹரிகோட்டாவில் வாழ்ந்த யானாதிப் பழங்குடியினர், 1969இல் அத்தீவு ராக்கெட் ஏவுதளத்துக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பின் இடம்பெயர நேர்ந்தது. கிழக்கே கடலும் மேற்கே ஏரியுமாக ஒதுங்கிய தீவு என்பது ஏவுதளத்துக்கு எவ்வளவு ஏற்றதோ, அதே அளவுக்கு அவர்களுக்கும் ஏற்றதாக இருந்தது.

இருளர்களின் வழிபாட்டிலும் கரை இருக்கிறது. மாசிமகத்து முழுநிலவு நாளில் பல மாவட்டங்களிலிருந்து இருளர் குடும்பங்கள் மாமல்லபுரம் கடற்கரையில் கூடி, மணலில் குடிலிட்டு, கன்னியம்மனை வணங்கி, திருமணங்களையும் அங்கேயே நடத்துவது வழக்கம்.

எண்ணூரில் நடப்பது

பழவேற்காட்டின் தென்கோடி, பக்கிங்காம் கால்வாயின் வழியாக எண்ணூர்க் கழிமுகத்தோடு தொடர்புடையது. ஆகவே எண்ணூரை அதன் தெற்கு வாசல் எனலாம். கொசத்தலை ஆறு கடலில் கலப்பதும் இங்கேதான். அந்த ஆற்றின் குறுக்கே பூண்டி நீர்த்தேக்கம் 1944இல் கட்டப்பட்டதிலிருந்து, மழைக்காலம் தவிர்ந்த நாட்களில் கழிமுகத்துக்கு வரும் நன்னீர் குறைந்தது. முன்பு பார்த்தபடி, உள்ளிருந்து தள்ளும் நீர் குறைந்தால் வாய் மணலால் அடைபடும். அனல் மின்நிலையங்களின் சாம்பல் கழிமுகத்தில் படிந்து ஆழத்தை மேலும் குறைத்திருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய் இந்தக் கழிமுகத்தில்தான் பரவியது. காட்டுக்குப்பத்துப் படகுகளும் வலைகளும் கறுத்தன, சிறகில் எண்ணெய் ஒட்டிய கூழைக்கடாக்கள் காணப்பட்டன. சேற்றில் ஊறிய எண்ணெய் கடல்நீரின் மேல் மிதக்கும் எண்ணெயைப் போல விரைவில் கலைந்துவிடாது. அந்தச் சேற்றைத்தான் உள்ளான் அலகாலும் இருளர் பெண் விரலாலும் துழாவுகிறார்கள் என்பதால், இங்கே பறவைக்கு நேரும் கேடும் மனிதருக்கு நேரும் கேடும் ஒன்றாகவே வருகின்றன.

முகத்துவாரம் அடைபடாமல் இருக்க இருபுறமும் கடலுக்குள் கற்சுவர் நீட்டுவது இப்போது விரும்பப்படும் தீர்வு. பழவேற்காட்டிலும் அத்தகைய பணி மேற்கொள்ளப்பட்டிருக்கிறது. படகுகளுக்கும் இறால் குஞ்சுகளுக்கும் வழி நிரந்தரமாகத் திறந்திருப்பது பெரிய நன்மை. ஆனாலும் வடக்கு நோக்கி நகரும் மணலுக்கு அதுவும் ஒரு தடுப்பே என்பதால், சுவருக்கு வடக்கேயுள்ள கரை எப்படி மாறுகிறது என்பதை ஆண்டுதோறும் அளந்து பார்க்கவேண்டும். திருவொற்றியூருக்கு நேர்ந்தது நினைவிருந்தால் இந்த எச்சரிக்கை மிகை என்று தோன்றாது.

நேரில் பார்க்க விரும்புவோர் கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் பொன்னேரியில் இறங்கிப் பேருந்து பிடித்தால் பழவேற்காடு போய்விடலாம். பூநாரைக்கு ஜனவரியும் பிப்ரவரியும் ஏற்றவை. அதிகாலையில் சென்றால் வெயில் நீரில் பட்டுக் கண் கூசாது. அந்தக் கூட்டம் பெரும்பாலும் ஏரியின் ஆந்திரப் பகுதியில், சூளூர்ப்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் போகும் சாலையின் இருமருங்கிலும் இருக்கும் என்பதால், பழவேற்காட்டுக் கரையில் காணவில்லை என்று ஏமாறவேண்டாம். அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள், ஓதம் இறங்கிய பொழுதில் எண்ணூர்ப் பாலத்தில் சிறிது நேரம் நின்றால் போதும். உப்புக்கொத்தி எந்தச் சேற்றில் ஓடுகிறது, கொக்கு எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது, பறியோடு இறங்குபவர்கள் எந்த ஓரத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பவற்றை அங்கிருந்தே ஒப்பிட்டுப் பார்க்கலாம்.